வீட்டுப் பொறுப்பும் நம் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது வரும் கேள்விகள்தான் இவை. சில கேள்விகளைத் தோழிகளும் தங்கைகளும் போனில் கேட்டிருக்கிறார்கள், இரண்டு மூன்று ஆண்களும் கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும் எங்கள் வீட்டில் பட்டதையும் வைத்து எழுதுகிறேன். மருந்து மாத்திரை விஷயத்துக்கு உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கும் என் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. லண்டனில் 1967ல் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை வைத்து ஒரு ஆய்வு ஆரம்பித்தார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர். பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் டென்ஷன் அதிகம், ஹார்ட் அட்டாக் வருவதும் அவருக்குத்தான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வந்த முடிவு நேர் எதிர். கடைசிப் படியில் இருந்த ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள், அப்போதும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985ல் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையில் பெண்களையும் சேர்த்து 10,308 பேரை வைத்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். அதில் தெரியவந்த காரணங்களில் முக்கியமான ஒன்று, வேலை என் தலையில் இருக்கிறது, ஆனால் அதை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை என்கிற நிலை.

அதே ஆட்களிடம் வீட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் நடப்பது எதுவும் என் கையில் இல்லை என்று சொன்ன பெண்களுக்குப் பின்னாளில் இதயநோய் கூடுதலாக வந்தது, ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அந்தக் கட்டுரை 2004ல் வந்தது. நான் அதைப் பற்றி முதல்முறை படித்தபோது எனக்குத் தெரிந்த நாலைந்து பெண்களின் முகம் வரிசையாக வந்து போனது.

உடம்புக்குள் நடப்பது என்னவென்றால், கவலை வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும், பிரஷரும் சர்க்கரையும் கூடும். கவலை தீர்ந்ததும் இறங்கிவிட வேண்டும். தீர்க்கிற அதிகாரம் உங்களிடம் இல்லாத கவலை தீராது, அதனால் அது இறங்குவதும் இல்லை. தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுபடி பிரஷர். உப்பு, எடை, பரம்பரை இதெல்லாமும் பிரஷருக்குக் காரணம்தான், அதை யாரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாமே என் கையில்தான் இருக்கிறது. அப்படியானால் நான் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இதைக் கேட்டவர் எங்கள் குழுவிலேயே ரொம்ப சாமர்த்தியமான ஆள், அவருக்குச் சுகர் 280. "கையில் இருக்கிறது" என்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, பொறுப்பு ஒன்று, அதிகாரம் இன்னொன்று. அரிசி தீர்ந்துபோனதை யார் கவனிக்கிறார்கள், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி யாருக்கு ஞாபகம் இருக்கிறது, மாமியாரின் மாத்திரை நாளையோடு முடிகிறது என்று யாருக்குத் தெரியும், இதெல்லாம் பொறுப்பு. நிலத்தை விற்பதா, பெண்ணை வெளியூர் காலேஜில் சேர்ப்பதா, பத்தாயிரம் ரூபாய் செலவு பண்ணி ஸ்கேன் எடுப்பதா, இதில் கடைசி வார்த்தை யாருடையது என்பது அதிகாரம். அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019ல் இதைப் பிரித்துக் காட்டினார். முன்கூட்டியே யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பின்னால் பார்ப்பது என்று நான்கு கட்டம். முடிவெடுக்கும் கட்டத்தில் கணவன் மனைவி இருவரும் இருக்கிறார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும், அதாவது யார் கண்ணுக்கும் தெரியாத இரண்டும், பெரும்பாலும் பெண் தலையில்.

எங்கம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் இது சரியாகப் புரியும். அப்பா சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்துவிடுவார். சீட்டு கட்டுவது, நகையை அடகு வைப்பது, மீட்பது, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய், எல்லாம் அம்மாதான். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீட்டின் முதலாளியே அம்மாதான் என்று தோன்றும். என் கல்யாணத்துக்கு முந்தின ஒரு வருடத்துக்கும் மேலாக மாதவிலக்கில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ரத்தம் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "கல்யாணம் முடியட்டும்" என்று இருந்திருக்கிறார். கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் மாடிப்படியில் மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஹீமோகுளோபின் 5.8. கருப்பையில் கட்டி. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினோம். ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எனக்குன்னு யார்கிட்ட போய்க் காசு கேக்கறது" என்றார். பீரோ சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

அம்மாவின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பால், மளிகை, சீட்டு, அப்பாவின் கண் ஆபரேஷன், தம்பியின் பல் டாக்டர், பாட்டிக்கு ஹார்லிக்ஸ். அம்மா பெயரில் மருந்துச் செலவு என்று ஒரு வரி கூட இல்லை, கல்யாண வருடத்து நோட்டில் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய நாலு வருட நோட்டிலும் இல்லை. அந்தப் பணத்தை நிர்வகிக்கும் ஆளாகத்தான் அம்மா தன்னை நினைத்திருக்கிறார், அதில் பங்குள்ள ஆளாக நினைத்ததே இல்லை.

சும்மா யோசித்துக்கொண்டிருப்பது எல்லாம் ஒரு வேலையா?

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024ல் நடந்தது. அதில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019ல் இது 299, 97. இந்தக் கணக்கு கை செய்யும் வேலைக்கு. இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு, இட்லி மாவு நாளைக்குக் காணுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்ப வந்தால் லீவு போடுவதா என்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை எந்தக் கணக்கெடுப்பும் நிமிடக் கணக்கில் எழுதுவதில்லை. உடம்பு படுத்திருக்கும், தலை வேலை செய்துகொண்டிருக்கும். அதுவும் வேலைதான்.

முடிவெடுத்து எடுத்து மூளை களைத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

இதில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மன உறுதி என்பது பேட்டரி மாதிரி, ஒவ்வொரு முடிவுக்கும் கொஞ்சம் தீரும் என்று 1998ல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரின் குழு சொன்னது, ரொம்பப் பிரபலமாகிவிட்டது. 2016ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதே பாணியில் சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் இன்று எண்பது முடிவெடுத்தேன், மூளை காலி என்று யாராவது வீடியோ போட்டால் அப்படியே நம்ப வேண்டாம். சாம்பாரா ரசமா என்று முடிவெடுத்து யாருக்கும் நோய் வருவதில்லை. தூக்கமின்மை, முடிவு தப்பாகப் போனால் எல்லாரும் என்னைத்தான் சொல்வார்கள் என்ற பயம், நேரத்துக்குச் சாப்பிடாதது, இவைதான் உடம்பைக் கெடுக்கின்றன.

எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் கம்மியாகத்தானே இருக்கும்? அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது என்பது உண்மை, அதனால் அது சாதாரணம் என்று ஆகிவிடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 15.2 சதவீதம். ஒரே அடுப்பு, ஒரே சமையல், ஒரே வீடு. மாதவிலக்கும் பிரசவமும் இதில் பெரிய காரணம். மிச்சத்தைத் தட்டில் பார்க்கலாம். மீன் குழம்பு வைத்தால் துண்டு யாருக்குப் போகிறது, முட்டை எண்ணி வாங்கினால் யாருக்கு இல்லாமல் போகிறது? யாரும் அவளைச் சாப்பிடாதே என்று சொல்வதில்லை, பரிமாறுகிறவள் அவளேதான், தனக்குக் குழம்பு மட்டும் போதும் என்று முடிவெடுப்பதும் அவள்தான்.

கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே. படியேறினால் மூச்சு வாங்குவது, நகம் வெளுப்பது, எந்நேரமும் அசதி, இதையெல்லாம் "வயசாச்சு" என்று தள்ளாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே ரத்தம் பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுப்பார்கள். மாத்திரையை டீ காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. ரத்தம் ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள், எங்கம்மாவுக்கு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் கட்டி அப்படியே இருந்திருக்கும்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் யார் செய்துகொள்வது என்பதும் இதில் சேருமா?

இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அதே தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான தம்பதிகளிடையே பெண் கருத்தடை ஆபரேஷன் 57.8 சதவீதம், ஆண் கருத்தடை 0.1 சதவீதம். ஆணுக்குச் செய்வது எளிது, மரத்துப்போக ஊசி போட்டு இருபது நிமிடத்துக்குள் முடிகிற வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வைத்துக்கொண்டு விந்துப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். ஆண்மை குறையாது, உழைக்கிற பலமும் குறையாது. ஆனாலும் பிரசவ வார்டிலேயே "அப்படியே ஆபரேஷனும் பண்ணிடலாம்" என்று முடிவாகிவிடுகிறது, அவருக்குச் செய்யலாமா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. கேட்காமலே எடுக்கப்படும் முடிவு அது. அடுத்த தலைமுறையிலாவது யாராவது கேட்க வேண்டும்.

என் சிகிச்சைக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமா?

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு பெண் மயக்க மருந்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்ட வழக்கு அது. அவசர உயிராபத்து இல்லாதபோது பெற்ற தாயின் சம்மதம்கூட அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு. கருக்கலைப்புக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வயதுவந்த பெண்ணின் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை.

நடைமுறையில் "வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாம்மா" என்பார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்டால் அது நியாயம். நீங்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் கூட வந்தவரிடம் மட்டும் பேசினால், "டாக்டர், எனக்கே சொல்லுங்க" என்று ஒருமுறை கேளுங்கள். முதல் தடவை நாக்கு எழாது, எனக்கும் எழவில்லை.

சர்வேயில் பெரும்பாலான பெண்கள் முடிவெடுப்பதில் பங்கேற்கிறார்கள் என்றுதானே வருகிறது?

வருகிறது. அதே தேசிய குடும்பநல ஆய்வில் தன் மருத்துவம், பெரிய சாமான் வாங்குவது, பிறந்த வீட்டுக்குப் போவது, இந்த மூன்றைக் கேட்பார்கள். இந்திய அளவில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 71 பேர் மூன்றிலும் பங்குண்டு என்கிறார்கள், 11 பேருக்கு ஒன்றில்கூட இல்லை. ஆனால் "இருவரும் சேர்ந்து முடிவு" என்பதற்குள் நிறைய அடங்கும். உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதும் சேர்ந்துதான், அவர் சொல்லி இவர் தலையாட்டுவதும் சேர்ந்துதான். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒரு விஷயம் கடைசியாக எப்போது நின்றது என்று யோசித்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

ஆண்கள் மேலும் சுமை இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

பேச வேண்டும். கடன் எவ்வளவு என்று மனைவிக்குச் சொல்லாமல் தனியாகச் சுமக்கிற ஆண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்தியாவில் 2022ல் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், பத்தில் ஏழு பேர் ஆண்கள், காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினை. ஆம்பளைதான் சமாளிக்கணும் என்று வளர்த்துவிட்டோம், அதனால் கேட்கவும் தெரியவில்லை, நெஞ்சு வலித்தால் கேஸ் என்று சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மனைவியிடம் கணக்கைத் திறந்து காட்டுவதை மானப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் தெரிந்த கடன் இரண்டு பேரின் தூக்கத்தையும் கொஞ்சம் கெடுக்கும்தான், ஆனால் ஒருவரை மட்டும் தின்று தீர்க்காது.

படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஏதாவது ஆகுமா?

1999ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், துணையைக் கவனித்துக்கொண்டு அதனால் மன அழுத்தமும் பட்ட முதியவர்கள், அப்படிக் கவனிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதே ஆய்வில், கவனித்துக்கொண்டும் அழுத்தம் படாதவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. மாற்று ஆள் இல்லாமல், வெளியே போக முடியாமல், எந்த மருந்து எந்த ஆஸ்பத்திரி என்று தொலைவில் இருக்கும் நாத்தனாரோ கொழுந்தனாரோ போனில் முடிவுசெய்ய, நீங்கள் மட்டும் மலம் அள்ளிக்கொண்டிருந்தால் அதுதான் ஆபத்து. தூர இருப்பவர்களிடம் பாராட்டை வாங்காதீர்கள், வாரத்தில் ஒரு நாளையோ அதற்கான ஆள் கூலியையோ வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பெரியவர்கள் கையிலிருந்து எல்லா முடிவையும் நாம் பிடுங்கிக்கொள்வதும் தப்பு. 1976ல் ஒரு முதியோர் இல்லத்தில் சிலரிடம், எந்தச் செடி வேண்டும், எப்போது தண்ணீர் ஊற்றுவது, எந்த நாள் படம் பார்ப்பது என்று அவர்களே முடிவுசெய்ய விட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் ஆனார்கள். அப்பாவிடம் இன்றைக்கு என்ன காய் வாங்கலாம் என்று கேட்பது அவர் மருந்துக்குச் சமமில்லைதான், ஆனாலும் கேளுங்கள்.

சரி, வீட்டில் இதை எப்படி ஆரம்பிப்பது? சண்டை வந்துவிடுமே?

வரலாம். எங்கள் வீட்டில் வந்தது. நான் செய்த தப்பு, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்டியது. அப்புறம்தான் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். "கரண்ட் பில் கட்டிட்டு வாங்க" என்று சொல்வது உதவி கேட்பது, ஞாபகம் வைத்திருக்கும் வேலை நம்மிடமே தங்கிவிடும். "கரண்ட் பில் இனிமே உங்களுது, நான் கேட்க மாட்டேன்" என்பதுதான் உண்மையில் கை மாறுவது. சொன்னபடி கேட்காமலும் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். ஒரு தடவை தேதி தவறி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள், ராத்திரி முழுக்க மின்விசிறி இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து அவரே போனில் அலாரம் வைத்துக்கொண்டார். அப்புறம் கேஸ் புக்கிங், அப்புறம் மாமியாரின் மாத்திரை. மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் சீருடை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாமியார் முடிவெடுக்கும் வீடாக இருந்தால் கணவரோடு தனியாகப் பேசி முடித்துவிட்டு அறிவிப்பதைவிட, மாமியாரையே ஆஸ்பத்திரிக்குக் கூட அழைத்துப் போங்கள். "அத்தை, உங்களுக்கும் பிரஷர் பார்த்துக்கலாம், எனக்கும் பார்த்துக்கறேன்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். அவரும் ஒரு காலத்தில் தள்ளிப்போட்டவர்தான்.

கையில் காசே இல்லை. என்ன செய்வது?

2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவிகளின் கணக்குக்கு வருகிறது. வருகிறவர்கள் அதில் நூறு ரூபாயையாவது வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் உங்கள் உடம்புக்கு என்று ஒதுக்குங்கள், கணக்கு நோட்டில் உங்கள் பெயரில் ஒரு வரி போடுங்கள். செலவில்லாத வழியும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் கருப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். அந்த 2019-21 ஆய்வின்போது நம் மாநிலத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டிருந்த பெண்கள் 9.8 சதவீதம்தான். பெரிதாக வலிக்காது, சில நிமிடம்தான் ஆகும்.

எதற்கெல்லாம் தள்ளிப்போடவே கூடாது?

மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனால், ஒரு மணிநேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட, மார்பில் கட்டி தட்டுப்பட்டால், காரணமில்லாமல் எடை இறங்கினால், அந்த வாரமே காட்டுங்கள். நெஞ்சை அழுத்துவது, தாடை அல்லது இடது கை வலி, வியர்வையோடு மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் அசதி, வாந்தி, முதுகுவலியாகவும் வரலாம். மனது தாங்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் அடி உதை என்றால் 181.

அடுப்பில் சோறு இருந்தால் அணைத்துவிட்டுப் போங்கள்.